ஆஸ்துமா பரம்பரைச் சொத்தா?

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்ஹா என்றொரு எரிமலைத் தீவு உள்ளது. உலகப் படத்தில் அதைத் தேடிப் பிடிப்பதே கடினம். பரப்பளவு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப்டவுன் நகரிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவு. விமானத் தளம் கிடையாது. கப்பலில் பல நாட்கள் அலைகளோடு போராடித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

தொழிற்சாலைப் புகை இல்லை, வாகன நெரிசல் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடற்காற்று. மூச்சுவிட இதைவிட நல்ல இடம் ஏது என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1993-ஆம் ஆண்டு மருத்துவக் குழு ஒன்று அத்தீவு மக்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்துமாவின் சாயல் ஏதேனும் ஒரு வகையில் தென்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது.

தூய காற்றில் வாழும் மக்களுக்கு இத்தனை மூச்சுத் திணறல் எப்படி வந்தது? காற்றில் காரணம் இல்லையென்றால் இரத்தத்தில் இருக்கிறதா?

இந்தக் கேள்வி அத்தீவுக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளிலும் இது எழுகிறது. 'அவர்கள் குடும்பத்தில் இழுப்பு உண்டாமே' என்று சொல்லிப் பெண் எடுக்கத் தயங்குவோர் உண்டு. குழந்தைக்கு இரைப்பு வந்தால், 'உன் வழியில் வந்ததா, என் வழியில் வந்ததா' என்று கணவனும் மனைவியும் வழக்காடுவதும் உண்டு. ஆஸ்துமா பரம்பரையாக வருவதுதானா என்பதை மருத்துவ உலகம் எவ்வாறு படிப்படியாக ஆராய்ந்து வந்தது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

மூச்சுக் குழலில் நடப்பது என்ன?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நாம் இழுக்கும் காற்று, மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து செல்லும் குழல்களின் வழியே நுரையீரலை அடைகிறது. ஆஸ்துமா உள்ளவரின் குழல்கள் எளிதில் கோபம் கொள்ளும் இயல்புடையவை. தூசி, மகரந்தம், புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று தூண்டினால் போதும். குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை சுரந்து வழியை அடைக்கிறது.

குழல் சற்றே சுருங்குவதால் என்ன பெரிய கேடு வந்துவிடும் என்று நினைக்கலாம். இங்கே இயற்பியல் பாடம் ஒன்று உதவுகிறது. சீராக ஓடும் பாய்மத்துக்கு, குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது புவாஸேயின் விதி. ஆரம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். குழல் சிறிதளவு சுருங்கினாலும் நோயாளி ஏன் அவ்வளவு திணறுகிறார் என்பது இப்போது விளங்கும். சுருங்கிய வழியில் காற்று வெளியேறும்போது எழும் 'வீஸ்' என்ற ஒலியைத்தான் நாம் இழுப்பு என்கிறோம்.

ஒரே தெருவில், ஒரே தூசியை இருவர் சுவாசிக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மற்றவர் இரவெல்லாம் உட்கார்ந்தே கழிக்கிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

மருத்துவர்களின் பழைய ஐயம்

ஆஸ்துமா என்பது கிரேக்கச் சொல். மேல்மூச்சு வாங்குதல் என்பது அதன் பொருள். இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்துள்ளனர்.

லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860-இல் ஆஸ்துமாவைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அவரே ஆஸ்துமா நோயாளி. எனவே அவர் எழுதியவற்றில் ஏட்டறிவோடு பட்டறிவும் கலந்திருந்தது. அவர் இரண்டு செய்திகளைக் குறித்து வைத்தார். நோயாளிகளில் பலருக்கு உறவினரிடையே அந்நோய் இருந்தது என்பது ஒன்று. ஊர் மாறினால் சிலருக்கு நோய் மாயமாய் மறைந்துவிடுகிறது, வேறு சிலருக்குப் புதிதாகக் கிளம்புகிறது என்பது மற்றொன்று. வம்சம், இடம் என்ற இரண்டு நூல்களையும் அவர் அன்றே தொட்டுவிட்டார். ஆனால் அவற்றை முடிந்து பார்க்க அவரிடம் கருவி இல்லை. பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட மரபு விதிகள் வெளிவருவதற்கு முந்தைய காலம் அது.

1900-ஆம் ஆண்டில் மெண்டலின் விதிகள் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. அதன்பின் எந்த நோயைக் கண்டாலும் அதற்குப் பொருந்தும் மெண்டல் விகிதத்தைத் தேடும் ஆர்வம் பரவியது. நியூயார்க் நகரின் ராபர்ட் குக், ஆல்பர்ட் வாண்டர் வீர் ஆகிய இருவரும் ஆஸ்துமா, தும்மல் காய்ச்சல் போன்ற ஒவ்வாமை நோய்கள் உடைய 504 பேரின் குடும்ப வரலாற்றைத் திரட்டி 1916-இல் வெளியிட்டனர். அவர்களில் 48.4 விழுக்காட்டினரின் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் ஒவ்வாமை இருந்தது. இது ஓங்கு பண்பாக, ஒரே ஒரு மரபுக் காரணியால் கடத்தப்படுவது என்று அவர்கள் கருதினர்.

அவர்கள் கூட்டிய கணக்கு வலுவானதுதான். முடிவில்தான் ஓட்டை இருந்தது. குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபினால் வருவதாகுமா? தாய்மொழியும் சமையல் ருசியும் கூடத்தான் குடும்பத்தில் தொடர்ந்து வருகின்றன. ஒரே குடும்பத்தார் ஒரே வீட்டுத் தூசியை, ஒரே அடுப்புப் புகையைச் சுவாசிக்கிறார்கள். மரபையும் சூழலையும் பிரித்துக் காட்ட வேறொரு தராசு தேவைப்பட்டது.

இயற்கை தந்த தராசு

அந்தத் தராசு இரட்டைக் குழந்தைகள். ஒரே கருமுட்டை பிளந்து பிறக்கும் இரட்டையரிடம் மரபுச் செய்தி ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருமுட்டைகளிலிருந்து பிறக்கும் இரட்டையர், மற்ற உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதி மரபைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஆகவே இரு வகையினரையும் ஒப்பிட்டால் மரபின் பங்கு வெளிப்பட்டுவிடும்.

சுவீடனில் ஏறத்தாழ 7,000 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து எட்ஃபோர்ஸ்-லுப்ஸ் என்பவர் 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் இணைகள், ஒரு கரு இரட்டையரிடையே 19 விழுக்காடு; இரு கரு இரட்டையரிடையே 4.8 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் சற்று நிதானமாகப் பாருங்கள். 19 என்பது 4.8-ஐப் போல நான்கு மடங்கு. எனவே மரபுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மரபு மட்டுமே காரணமாயிருந்தால் ஒரு கரு இரட்டையரின் எண் 100-ஐ நெருங்கியிருக்க வேண்டும். அது வெறும் 19. அச்சில் வார்த்தாற்போல் ஒரே மரபு பெற்றிருந்தும், ஒருவருக்கு நோய் வந்த ஐந்து இணைகளில் நான்கில் மற்றவர் தப்பிவிட்டார்!

மரபு துப்பாக்கியில் குண்டை நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், விசையை இழுக்கும் விரல் வேறெங்கோ இருக்கிறது. இதை இந்த எண்கள் அன்றே உரக்கச் சொல்லிவிட்டன. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகளின் கவனம் பெரும்பாலும் குண்டைத் தேடுவதிலேயே சென்றது.

ஜீன் வேட்டை

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை சுருண்டிருக்கிறது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட புத்தகம் என்று அதைச் சொல்லலாம். ஒரு முழுப் படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புரதம் போன்ற ஒன்றை உருவாக்கும் கட்டளையைத் தாங்கிய பகுதியே ஜீன் எனப்படும் மரபணு. உறவில்லாத இருவரின் புத்தகங்களை ஒப்பிட்டால் சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். இந்த மாறுபாடுகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆஸ்துமாவுக்கு இடம் கொடுக்கும் மாறுபாடு எது என்று கண்டுபிடிப்பதே வேட்டை.

1980-களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. குரோமோசோம்களில் ஆங்காங்கே அடையாளக் கற்களைப் போன்ற எழுத்து மாறுபாடுகள் இனங்காணப்பட்டன. ஒரு குடும்பத்தில் எந்த அடையாளக் கல் நோயோடு சேர்ந்தே தலைமுறைகளைக் கடக்கிறதோ, அதன் அருகில்தான் நோய் ஜீனும் இருக்க வேண்டும். 1989-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் குக்சனும் ஜூலியன் ஹாப்கினும் அவர்களுடைய குழுவினரும், ஒவ்வாமை இயல்புக்கான ஜீன் 11-ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தனர். மற்ற ஆய்வுக்கூடங்கள் பல தத்தம் குடும்பங்களில் தேடிப் பார்த்தன. அவற்றுக்கு அது தட்டுப்படவில்லை. விஞ்ஞானத்தில் ஒருவர் கண்டதை மற்றவரும் காண வேண்டும் அல்லவா? சர்ச்சை எழுந்தது.

இவ்வளவு குழப்பத்துக்குக் காரணம் மனித குலத்தின் கலப்பே என்று பலர் எண்ணினர். ஒரு சிலரின் வழித்தோன்றல்களாக, வெளிக்கலப்பின்றி வாழும் சிறு கூட்டம் ஒன்று கிடைத்தால் தேடுவது எளிதாகுமே! அப்போதுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த தீவு நினைவுக்கு வந்தது.

பதினைந்து பேரின் வம்சம்

டிரிஸ்டன் டா குன்ஹா தீவைப் போர்ச்சுகீசிய மாலுமி ஒருவர் 1506-இல் கண்டார்; அவர் பெயரே தீவுக்கு நிலைத்தது. 1816-இல் பிரிட்டன் அங்கே ஒரு காவற்படையை நிறுத்தியது. காரணம், சென்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன். அவரை மீட்க முயல்வோர் இத்தீவைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்ற அச்சம். அடுத்த ஆண்டே படை திரும்ப அழைக்கப்பட்டது. ஆனால் வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்து வீரர் தம் மனைவி, குழந்தைகளோடு அங்கேயே தங்கிவிட்டார். 1827-இல் சென்ட் ஹெலினாவிலிருந்து சில பெண்கள், தீவில் தனித்திருந்த ஆடவர்களுக்கு வாழ்க்கைத் துணையாக வந்து சேர்ந்தனர். திமிங்கில வேட்டைக்காரர்களும், கப்பல் உடைந்து கரையொதுங்கிய மாலுமிகளும் பின்னர் சேர்ந்தனர். 1892-இல் ஒதுங்கிய இத்தாலியர் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

இன்றைய தீவு மக்களின் மரபு ஏறத்தாழ பதினைந்து மூதாதையரிடமிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தமக்குள்ளேயே மணந்துகொண்டனர். அந்தப் பதினைந்து பேரில் சிலருக்கு ஆஸ்துமா இருந்திருந்தால்? ஒரு குடம் பாலில் விழும் துளி மையும் ஒரு கிண்ணம் பாலில் விழும் துளி மையும் ஒன்றாகுமா? பெருங்கூட்டத்தில் கரைந்து போயிருக்கக்கூடிய மாறுபாடு சிறு கூட்டத்தில் அடர்ந்து நின்றுவிடும். மரபியலார் இதனை மூதாதையர் விளைவு என்பர்.

1961 அக்டோபரில் தீவின் எரிமலை சீறியது. மக்கள் அனைவரும், 260-க்கும் மேற்பட்டோர், கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தனர். அங்கே மருத்துவர்கள் அவர்களைச் சோதித்தபோதுதான் அவர்களிடையே ஆஸ்துமா இவ்வளவு மிகுதி என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. நகர வாழ்க்கையின் வசதிகளைக் கண்ட பிறகும், 1963-இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் தீவுக்கே திரும்பிவிட்டனர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1993-இல், கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயே ஜாமெல் தம் குழுவோடு அங்கே சென்றார். தீவில் அப்போது ஏறத்தாழ 300 பேர். அவர்களில் 282 பேர் சோதனைக்கு உட்பட்டு இரத்தமும் கொடுத்தனர். ஒரு சமூகம் ஏறக்குறைய முழுவதுமாக ஓர் ஆராய்ச்சிக்குக் கைநீட்டிய அரிய நிகழ்ச்சி அது. அந்த இரத்த மாதிரிகளைக் கொண்டு கலிபோர்னியாவின் சிக்வானா என்ற நிறுவனம் ஜீனைத் தேடியது. ஜெர்மனியின் பேரிங்கர் இங்கல்ஹைம் மருந்துக் கம்பெனி அதன் பங்காளி. 11-ஆம் குரோமோசோமில் ஆஸ்துமா ஜீன் அகப்பட்டதாக 1997-இல் அறிவிப்பு வந்தது. ஆனால் அந்த ஜீனின் விவரம் உடனே வெளியிடப்படவில்லை. ஒரு மக்களின் இரத்தத்தில் கிடைத்த செய்தி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. மரபு ஆராய்ச்சி நடக்கும் இடமெல்லாம் இன்றும் எழும் கேள்வி அது.

2002-இல் இன்னொரு குழு அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 460 குடும்பங்களை ஆராய்ந்து, 20-ஆம் குரோமோசோமில் ஏடாம் 33 என்ற ஜீனைச் சுட்டிக்காட்டியது. அதுவும் சில கூட்டங்களில் மெய்ப்பட்டது, சிலவற்றில் மெய்ப்படவில்லை. இப்படிப் பல குரோமோசோம்களிலிருந்தும் 'ஆஸ்துமா ஜீன்கள்' புறப்பட்டு வந்தன. எல்லாரையும் விளக்கும் அந்த ஒரே ஜீன் மட்டும் வரவேயில்லை.

ஒரு விசையன்று, பல விசைகள்

மனித மரபுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபின் தேடும் முறையே மாறியது. குடும்பங்களுக்குப் பதிலாக, நோயுள்ள பல்லாயிரம் பேரையும் நோயற்ற பல்லாயிரம் பேரையும் நிறுத்தி, எல்லாக் குரோமோசோம்களிலும் இலட்சக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் ஒப்பிடும் வழி வந்தது.

2007-இல் மிரியம் மொஃபட், குக்சன் ஆகியோரின் குழு, குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமா வந்த 994 பேரையும், நோயில்லாத 1,243 பேரையும், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒப்பிட்டது. 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி மட்டும் தனித்து எழுந்து நின்றது. ஓ.ஆர்.எம்.டி.எல். 3 என்ற ஜீன் அங்கே இருக்கிறது. இம்முறை மற்ற குழுக்களும் அதே இடத்தையே கண்டன. 2010-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஐரோப்பியக் கூட்டாய்வு இதனை உறுதிப்படுத்தியதோடு, வேறு சில இடங்களையும் சேர்த்தது. 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஏறத்தாழ 24,000 நோயாளிகளின் தகவல்களைத் திரட்டி 18 இடங்களைப் பட்டியலிட்டது.

இந்தப் பட்டியல் சொல்லும் செய்திதான் முக்கியம். அதிலுள்ள ஒவ்வொரு மாறுபாடும் நோய் வரும் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுகிறது. 17-ஆம் குரோமோசோமிலுள்ள அந்த மாறுபாடு அபூர்வமான பழுதும் அன்று. ஐரோப்பிய மக்களிடையே ஏறத்தாழ பாதிக் குரோமோசோம்களில் அது இருக்கிறது. அதைத் தாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா வருவதே இல்லை.

ஒரு பொருளின்மேல் பல விசைகள் பல திசைகளில் செயற்பட்டால், அது எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தொகுபயன் விசையே முடிவு செய்கிறது. அதுபோலவே இங்கும். தந்தையிடமிருந்து சில, தாயிடமிருந்து சில என்று சிறு சிறு மாறுபாடுகள் சேர்கின்றன. எந்த ஒன்றையும் தனித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. 'உன் வழியா, என் வழியா' என்ற வழக்கு இங்கேயே தள்ளுபடியாகிறது.

இவ்வாய்வுகளில் ஒரு குறையும் உண்டு. இவற்றில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். அவர்களைக் கொண்டு வரைந்த படம் ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

பூட்டும் சாவியும்

ஜீன்கள் கிடைத்த பிறகுதான், சூழல் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது தெரியத் தொடங்கியது.

17-ஆம் குரோமோசோம் மாறுபாட்டின் தீங்கு, பச்சிளம் பருவத்தில் சிகரெட் புகையைச் சுவாசித்த குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதை 2008-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று காட்டியது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் தாக்கிக் கைக்குழந்தையாக இருக்கும்போதே இழுப்பு கண்டவர்களிடம் அதே மாறுபாடு ஆஸ்துமாவோடு வலுவாகத் தொடர்புற்றிருப்பது 2013-இல் தெரிந்தது.

இன்னும் தெளிவான சான்று டென்மார்க்கிலிருந்து வந்தது. கடுமையான ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், 7-ஆம் குரோமோசோமில் சி.டி.எச்.ஆர். 3 என்ற ஜீனை 2014-இல் கண்டனர். மூச்சுக் குழலின் உட்சுவரிலுள்ள ஒரு புரதத்துக்கான ஜீன் அது. ஓர் எழுத்து மாறினால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. அதனால் உயிரணுவின் மேற்பரப்பில் அந்தப் புரதம் மிகுதியாகத் தோன்றுகிறது. அதன் விளைவு என்ன? அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. ரைனோவைரஸின் 'சி' வகை உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் அதே புரதம்தான்! வாசல்கள் மிகுந்த வீட்டில் திருடன் நுழைவது எளிதாகிறது. ஆனால் திருடன் வராத ஊரில் எத்தனை வாசல் இருந்தால்தான் என்ன?

நிலத்தில் இரு தீவுகள்

ஆஸ்துமாவில் மரபின் பங்கு இத்தனை விழுக்காடு என்று பல ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. ஓர் ஆய்வு 35 என்கிறது. மற்றொன்று 95 என்கிறது. ஏன் இந்த முரண்பாடு?

ஓர் ஆய்வுக்கூடத்தில் நீளம் வேறுபட்ட பத்துத் தனி ஊசல்களைத் தொங்கவிடுங்கள். அவற்றின் அலைவு நேரங்கள் வேறுபடும். அந்த வேறுபாடு முழுவதற்கும் நீளமே காரணம். அதனால் புவியீர்ப்புக்கு அலைவு நேரத்தில் பங்கே இல்லை என்று சொல்லிவிடலாமா? எல்லா ஊசல்களும் ஒரே ஈர்ப்பில் இருப்பதால் அதன் பங்கு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நிலவுக்குக் கொண்டுபோனால் பத்து ஊசல்களும் மெதுவாகிவிடும். மரபின் விழுக்காடும் இப்படித்தான். சூழல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் இடத்தில் மரபின் பங்கு பெரிதாகத் தோன்றும். அந்த எண், சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதே இல்லை.

அப்படியானால், மரபை மாற்றாமல் சூழலை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஏற்ற இரு பண்ணைச் சமூகங்கள் இருந்தன. இண்டியானாவின் ஆமிஷ் மக்கள், தென் டகோட்டாவின் ஹட்டரைட் மக்கள். இருவரும் மத்திய ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கிறித்தவப் பிரிவினர், தமக்குள்ளேயே மணப்பவர்கள், மரபில் மிக நெருங்கியவர்கள். பெரிய குடும்பங்கள், நெடுநாள் தாய்ப்பால், ஒத்த உணவுப் பழக்கம் என்று வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்றே. நிலத்தின் நடுவே அமைந்த இரு தீவுகள் எனலாம்.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா, ஆமிஷ் மக்களிடம் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் மக்களிடம் 21.3 விழுக்காடு. நான்கு மடங்கு!

சுவீடன் இரட்டையர் ஆய்வில் நாம் பார்த்த நான்கு மடங்கு நினைவுக்கு வருகிறதா? அங்கே சூழல் ஒன்று, மரபு வேறு. இங்கே மரபு ஏறத்தாழ ஒன்று, சூழல் வேறு.

எது வேறு? ஆமிஷ் குடும்பங்கள் பழைய முறையில் சிறு பால்பண்ணை நடத்துகின்றன, உழவுக்குக் குதிரை, தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும், தவழும் வயதிலேயே குழந்தைகள் அங்கே விளையாடுகின்றன. ஹட்டரைட் மக்களோ பெரிய இயந்திரப் பண்ணைகளைக் கூட்டாக நடத்துகின்றனர். மாட்டுத் தொழுவம் குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கும். இரு சமூகத்தாரின் வீட்டுத் தூசியை ஆராய்ந்தபோது, பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருள் ஆமிஷ் வீடுகளில் 6.8 மடங்கு மிகுதியாக இருந்தது. சோதனைச் சுண்டெலிகளின் மூக்கில் ஆமிஷ் தூசியைச் செலுத்தியபோது, ஆஸ்துமா போன்ற நிலை அவற்றுக்கு வராமல் தடுக்கப்பட்டது. ஹட்டரைட் தூசிக்கு அந்த ஆற்றல் இல்லை. இளமையிலேயே நுண்ணுயிர்களோடு பழகிய உடலின் காப்பு ஏற்பாடு, தூசியைக் கண்டு வீணாகச் சீறாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது என்பது இதன் விளக்கம். 2016-இல் வெளியான இவ்வாய்வை நடத்தியவர்களுள் ஒருவர் கரோல் ஓபர். ஹட்டரைட் மக்களிடையே ஆஸ்துமா ஜீன்களைப் பல்லாண்டுகள் தேடியவர் அவர். ஜீனைத் தேடிப் புறப்பட்டவர் தொழுவத்தில் விடை கண்டதே இந்த வரலாற்றின் சுவையான திருப்பம்.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தூசியும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் தொழுவத் தூசி ஆகா. ஏற்கெனவே இழுப்புள்ள குழந்தையைத் தூசியில் விட்டால் தொல்லையே மிஞ்சும்.

என்ன கற்றோம்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆஸ்துமா பரம்பரைச் சொத்தா? நோய் பரம்பரையாக வருவதில்லை. அதற்கு எளிதில் ஆட்படும் இயல்பு ஓரளவு பரம்பரையாக வருகிறது. டிரிஸ்டன் தீவில் அந்த இயல்பு பதினைந்து மூதாதையர் வழியாக அடர்ந்து நின்றது. அங்கும்கூட எல்லாருக்கும் நோய் வந்துவிடவில்லை.

ஜீன் வேட்டையும் வீண் போகவில்லை. அது சுட்டிய இடங்களுள் ஒன்று, மூச்சுக் குழலின் உட்சுவர் எழுப்பும் அபாய அறிவிப்பான டி.எஸ்.எல்.பி. என்ற புரதத்தின் ஜீன். அதே புரதத்தைத் தடுக்கும் டெஸெபெலுமாப் என்ற ஊசி மருந்து, கடுமையான ஆஸ்துமாவுக்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விலை மிகுந்த இத்தகைய மருந்துகள் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு, மருத்துவர் சொன்னபடி நாள் தவறாமல் எடுத்துக்கொள்ளும் இன்ஹேலர் மருந்தே நோயைக் கட்டுக்குள் வைக்கப் போதுமானது. இன்ஹேலர் பழகினால் விடாது என்று அஞ்சி, அதை ஒளித்து வைப்பதும் இடையில் நிறுத்துவதும்தான் ஆபத்து.

உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இழுப்பு இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. அது யாருடைய குற்றமும் அன்று. மருத்துவர் கேட்கும்போது அந்தச் செய்தியைச் சொல்லுங்கள். அது அவருக்குப் பயன்படும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதன் அருகே யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது பெற்ற எழுத்துகளை நம்மால் மாற்ற முடியாது. குழந்தை சுவாசிக்கும் காற்றை மாற்ற முடியும். அந்தக் காற்றில் பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.